வேட்டுச் சத்தத்துக்கு மயங்கி விழும் பிள்ளைகள்

ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுவாரம் அந்தப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். பதினாறு வயது. சாமக்கொடைக்கு வேட்டுப் போட்டதும் நின்ற இடத்திலேயே விழுந்து, ஒரு நிமிடத்துக்குள் தானாக எழுந்திருக்கிறாள். மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு. பையில் இரண்டு வருடமாகச் சாப்பிடும் வலிப்பு மாத்திரை.

"பயந்த சுபாவம் சார். காலையில அலாரம் அடிச்சு ஒரு தடவை விழுந்திருக்கா" என்றார் அம்மா.

அலாரம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் ஒரு ஈசிஜிகூட எடுக்கவில்லை. எடுத்தோம். க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பில் இதயத்தின் மின்சாரம் பாய்ந்து மறுபடி சரியாக எடுக்கும் நேரம், 510 மில்லி விநாடி. இப்படி நீண்டிருப்பதற்கு நீள் க்யூடி நோய் (Long QT syndrome) என்று பெயர். பெண்களுக்கு 460 தாண்டினாலே யோசிக்க வேண்டும், 500 தாண்டினால் ஆபத்து அதிகம்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் தன் மின்சாரத்தை மறுபடி சரிசெய்துகொள்ள வேண்டும். பொட்டாசியத்தை வெளியே விடும் நுண்வழிகள் பிறவியிலேயே பழுதாக இருந்தால் அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் திடுக்கென்று ஒரு பயமோ கோபமோ வந்து அட்ரினலின் பாய்ந்தால், துடிப்பு தாறுமாறாகிவிடும். மூளைக்கு ரத்தம் போகாது; கை கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆகாமல் போனால் உயிர் போய்விடும்.

இதை மனபலம் இல்லாததாக நினைத்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள். வெயிலில் நெடுநேரம் நின்று, வியர்த்து, கண் இருட்டிச் சாய்வது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடும்போதும், ஆற்றில் நீந்தும்போதும், திடுக்கிடும்போதும் முன்னறிவிப்பே இல்லாமல் விழுவது வேறு. அதற்கு ஈசிஜி வேண்டும். அது சரியாக இருந்தாலும் விட்டுவிட முடியாது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நோய் டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் தெரியும். பிறவியிலேயே காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் இன்னும் கவனம் தேவை; இதே பழுது அம்மா, அப்பா இருவர் வழியாகவும் வந்தால் காதும் கேட்காமல் போகலாம். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நிறைய நடக்கிற நம் பக்கம் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவளுக்கு அட்ரினலினின் வேகத்தைத் தடுக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரையைத் தொடங்கினோம். அதை ஒரு நாள்கூட விடக்கூடாது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மாத்திரைகள் இவர்களுக்கு ஆகாது, அதனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடவே வேண்டாம். வாந்திபேதி வந்தால் பொட்டாசியம் குறையும், உடனே வர வேண்டும். விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். அம்மாவுக்குச் செய்துகாட்டினேன்.

ஆனால் அடுத்த தடவை வந்தபோது பிள்ளை பாதியாகியிருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களாம். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லையாம். "எப்ப சாவேன்னு எல்லாரும் பாத்துட்டே இருக்காவ சார்" என்றாள். இந்தப் பயமும் அதே அட்ரினலின்தான். அலாரத்தையும் சத்தமான போனையும் கட்டிலருகே வைக்காதீர்கள், நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று பெற்றவர்களிடம் கறாராகச் சொன்னேன். மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். அவர் எழுதும் மாத்திரைகளிலும் சில க்யூடியை நீட்டும் என்பதால் அவரிடம் நானே பேசினேன்.

குடும்பத்தில் இளவயதுச் சாவு உண்டா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். இல்லை என்றார்கள். இந்த முறை அம்மா தானாகவே சொன்னார்.

"என் தங்கச்சி, பிள்ளை பெத்து மூணாம் மாசம். ராத்திரி பிள்ளை வீல்னு அழுத சத்தத்துக்கு எந்திச்சவ, அப்படியே சாஞ்சுட்டா. பேய் அடிச்சிட்டுன்னு சொன்னாவ."

அன்றைக்கே அம்மாவுக்கும் ஈசிஜி எடுத்தோம். அவருக்கும் க்யூடி நீண்டிருந்தது. அந்தக் கைப்பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறானாம். வரும் திங்கட்கிழமை அவனைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.