வராத ஸ்கிரிப்ட், ஓடாத பட்டன்

போன மாதம் ஒரு ராத்திரி அக்கா மகளுக்குத் தேர்வு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியில் 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. "மாமா, நெட் போயிடுச்சா?" என்றாள். நெட் நன்றாகத்தான் இருந்தது.

எஃப் 12 விசையைத் தட்டி, பக்கத்தின் பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலைத் திறந்தேன். இரண்டு சிவப்பு வரிகள். ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்தோடு வந்து ஓடும் சிறு நிரல்) 'கிளையன்ட்டால் தடுக்கப்பட்டது' என்றது முதல் வரி. கிளையன்ட் என்றால் இங்கே நம் பிரவுசர். அதாவது, தடுத்தது நான் போட்டிருந்த பிரைவசி எக்ஸ்டென்ஷன்; நம்மை உளவு பார்ப்பதைத் தடுக்கப் பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல். ஒரு ஃபங்ஷனின் (ஒரு வேலைக்காகப் பெயரிட்டு எழுதிய நிரல் துண்டின்) பெயரைச் சொல்லி, அது 'வரையறுக்கப்படவில்லை' என்றது இரண்டாவது வரி.

ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தத் தளத்தின் சர்வரிலிருந்து மட்டும் கோப்புகள் வருவதில்லை. வீடியோ ஓரிடம், எழுத்துரு ஓரிடம், நம்மைக் கவனித்துக் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட் வேறோரிடம். யூபிளாக் ஆரிஜின் போன்ற எக்ஸ்டென்ஷன், கோரிக்கை வெளியே போவதற்கு முன்பே முகவரியை ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி போன்ற தடுப்புப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் நிறுத்திவிடும். 2014இல் வந்த பிரைவசி பேட்ஜர் என்ற எக்ஸ்டென்ஷனின் வழி வேறு: ஒரே வெளியார் 3 தளங்களில் ஆட்களைப் பின்தொடர்வது தெரிந்தால், அவரைத் தடுக்க வேண்டியவராகக் கொள்ளும்.

சரி, உளவு பார்க்கிற ஸ்கிரிப்டைத் தடுத்தால் விண்ணப்பம் ஏன் நிற்க வேண்டும்? தளத்தை எழுதியவர் பட்டனுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார். 'பட்டன் அழுத்தப்பட்டது' என்று கணக்கெடுப்பவருக்குச் சொல்வது முதல் வேலை. படிவத்தை அனுப்புவது அடுத்தது. முதல் வேலைக்கான ஃபங்ஷன், தடுக்கப்பட்ட கோப்புக்குள் இருந்தது. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடும். கீழே இருக்கிற வரிகள் ஓடாது. கணக்கெடுப்பு வரியைப் படிவத்துக்குப் பின்னால் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. பிரபலமான சில ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும்போது, யூபிளாக் ஆரிஜின் அந்த இடத்தில் அதே பெயர்கள் கொண்ட போலி ஒன்றை வைக்கிறது. கூப்பிட்டால் 'ம்' என்று கேட்டுக்கொள்ளும், எதையும் வெளியே அனுப்பாது. கூகுளின் கணக்கெடுப்பு ஸ்கிரிப்டான கூகுள் அனலிட்டிக்ஸுக்கான போலி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. 'தகவல் போனதும் என்னைக் கூப்பிடு' என்று பக்கம் சொல்லி வைத்திருந்தால், போனதாகவே பாவித்து உடனே கூப்பிட்டுவிடும். 2021 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 87 முதல், இதே உத்தி ஸ்மார்ட்பிளாக் என்ற பெயரில் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. என்னுடைய எக்ஸ்டென்ஷன் வெறுமனே தடுக்கிற ரகம்.

உங்களுக்கும் இப்படி நடந்தால், முதலில் அதே பக்கத்தைத் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். நாமாக அனுமதி கொடுக்காதவரை பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே வேலை செய்தால் எக்ஸ்டென்ஷன்மேல்தான் சந்தேகம். எட்டு பத்து வைத்திருந்தால் பாதியை அணைத்துப் பாருங்கள், அப்புறம் அதில் பாதி. ஆள் சிக்கியதும் மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். அப்படி அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். தடுக்கப்பட்ட ஸ்கிரிப்ட் வரும் அந்த ஒரு டொமைனை (இணைய முகவரியை), அந்த ஒரு தளத்தில் மட்டும் அனுமதித்தால் போதும். சில நேரம் குறை குக்கியில், அதாவது தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பில் இருக்கும். பிரைவசி பேட்ஜரில் மஞ்சள் நிலை என்றால், கோப்பு வரும், குக்கி மட்டும் வராது. பணம் கட்டும் பக்கம் நடுவில் நின்றால், மறுபடி அழுத்துவதற்கு முன் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அன்று அந்த டொமைனை அனுமதித்துப் பக்கத்தைப் புதுப்பித்தேன். நிரப்பியதெல்லாம் அழிந்துபோயிற்று. அவள் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னாள், நான் தட்டினேன். பதினொன்றரை மணிக்கு விண்ணப்ப எண் வந்தது. அதைக் குறித்துக்கொண்டதும் அனுமதியை எடுத்துவிட்டேன்.