கடைசி வரி படித்தால் போதாது

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மளிகைக் கடைக்காரர், வயது 52, சர்க்கரை வந்து 11 வருடம். வலது கண்ணில் திடீரென்று கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்று வந்தார். உள்ளே ரத்தக்கசிவு. "போன வருஷம்தான் டெஸ்ட் பண்ணினேன் டாக்டர், கடைசி வரி வரைக்கும் படிச்சேனே" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். கண்ணாடிக் கடையில் கொடுத்த கம்ப்யூட்டர் சீட்டு.

அதில் இருப்பது கண்ணாடிக்கான பவர். அவ்வளவுதான். முகவாயை வைத்து உள்ளே பலூன் படத்தைப் பார்க்கச் சொல்வார்களே, அந்த இயந்திரம் விழித்திரையில் நோய் இருக்கிறதா என்று தேடுவதில்லை. கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு.

எழுத்துப் பலகையும் அப்படித்தான். 6/6 என்றால், 6 மீட்டரில் படிக்க வேண்டிய எழுத்தை 6 மீட்டரில் படித்துவிட்டீர்கள், சரி. அதற்கு விழித்திரையின் நடுப்பகுதி நன்றாக இருந்தால் போதும். சுற்றிலும் சர்க்கரையால் ரத்தக்குழாய்கள் கசிந்துகொண்டிருந்தாலும் கடகடவென்று படிப்பார்கள். க்ளாக்கோமாவில் (பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடுகிற நோய்) பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆன பிறகும் 6/6 படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. போன பார்வை திரும்பாது.

"கண் பிரஷர் 16 தான், நார்மல்" என்று இன்னொரு சமாதானம். 21க்குள் பிரஷர் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. நரம்பையே பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஃபீல்டு டெஸ்ட், அதாவது பக்கப் பார்வையை அளக்கும் சோதனை. (அதில் பாதியில் தூங்கிவிடுகிறவர்கள் அதிகம். முதல் ரிசல்ட்டை நாங்களே அப்படியே நம்புவதில்லை.)

சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒருமுறை, அப்புறம் வருடா வருடம், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும்தான். நாலைந்து மணி நேரம் மங்கலாக இருக்கும். அதற்குப் பயந்து "அடுத்த தடவை" என்று நழுவாதீர்கள். பைக் ஓட்டிக்கொண்டும் வராதீர்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு க்ளாக்கோமா இருந்தால் கண் மங்கட்டும் என்று காத்திருக்காமல் வந்து காட்டுங்கள். கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி விட்டுக்கொள்கிறீர்களே, அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் பிரஷரை ஏற்றிவிடக்கூடும். தயவுசெய்து வேண்டாம்.

துணைக்கு வந்த தம்பிக்கும் 6 வருடமாகச் சர்க்கரையாம். "எனக்கு நல்லாத்தான் தெரியுது டாக்டர்" என்றார். அவருக்கும் சொட்டு மருந்து விடச் சொன்னேன். அண்ணனும் தம்பியும் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள். பைக் ராத்திரி வரை எங்கள் வாசலிலேயே நின்றது.