"அப்புறம் இன்னொண்ணு டாக்டரம்மா..."

மாலை நேர கிளினிக்கில் ஒருவருக்கு என்னால் ஒதுக்க முடிவது நாலைந்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் நெஞ்செரிச்சல், முதுகுவலி, கால் குடைச்சல் என்று போய்விடும். பிரஷர் பார்த்து மருந்துச் சீட்டையும் எழுதிக் கொடுத்திருப்பேன். வெளியே கம்பவுண்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார். எழுந்து போனவர் திரைத்துணியைப் பிடித்தபடி திரும்பி நிற்பார். "அப்புறம் இன்னொண்ணு டாக்டரம்மா... தூக்கமே வர மாட்டேங்குது. மனசு ஒரு மாதிரியா இருக்கு. சரி, அது கிடக்கட்டும்."

அவர் வந்ததே அதற்காகத்தான். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் பல வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். 'கிடக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போகிற அந்த ஒரு வரியை முதல் வரியாகச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவதில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள். தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் மதமதப்பு, கேஸ் மேலே ஏறி அடைக்கிறது. இதில் எதுவும் நடிப்பு இல்லை. மனம் பதறும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிறு பிசைகிறது. வலி நிஜம்தான். ஆனால் ஈசிஜியில் அது தெரியாது.

ஒரு அம்மா வந்தார், நாற்பது வயதைத் தாண்டியவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) ஜவுளிக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்டுகள். மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோப்பி, எல்லாமே நார்மல். போன இடத்திலெல்லாம் "ஒண்ணும் இல்லம்மா" என்றே அனுப்பியிருக்கிறார்கள். "ஒண்ணும் இல்லைன்னா ஏன் டாக்டரம்மா அடைக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வீட்டில் தையல் வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும். கடைசியாக எப்போது தைத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிஷின் மேல பழைய சேலையைப் போட்டு மூடி நாலு மாசம் ஆச்சு. ஜாக்கெட் துணியெல்லாம் வெட்டாமலே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். அந்தப் பை நிறைய இருந்த காகிதங்கள் சொல்லாததை அந்த மூடிய மிஷின் சொல்லிவிட்டது.

அதனால் டாக்டரிடம் பேச மருத்துவச் சொல் எதுவும் வேண்டாம். எத்தனை நாளாக இருக்கிறது, இதனால் எது நின்றுபோனது என்ற இரண்டும் போதும். "ஒரு மாசமா மனசு சரியில்ல. மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. வேலைக்குப் போறதே பாரமா இருக்கு." இப்படித் தொடங்கினால் எந்த மருத்துவரும் பேனாவைக் கீழே வைப்பார், வைக்க வேண்டும். நாங்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அதன் முதல் இரண்டு கேள்விகளே இவைதான்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா?

கூட்டம் இருக்கும் என்று தயங்கினால், கடைசி டோக்கன் கேளுங்கள். கூடவே மாமியாரோ கணவரோ உள்ளே வந்து நின்றால், "டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று சொல்லலாம். அவர்களை வெளியே உட்காரச் சொல்வது எங்கள் பொறுப்பு. வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். ஒரு கல்லூரிப் பெண் மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் நாலு வரி எழுதி, எட்டாக மடித்து, டோக்கனோடு சேர்த்து நீட்டினாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. அரிசி மில்லில் எடை போடுகிறவர் ஒருவர், வாயுத் தொல்லை என்று இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் கேஸ் மாத்திரை எழுதி, "ஒண்ணும் இல்ல, கவலைப்படாதீங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் மனைவி தனியாக வந்தார். கணவர் உயிரை விடப் பார்த்திருக்கிறார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் 'ஒண்ணும் இல்ல' என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை. "இதயத்தில் கோளாறு இல்லை, தூக்கம் எப்படி?" என்று கேட்கிறேன்.

சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப்பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். போலீஸுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மனதில் வந்த நினைப்பைச் சொல்வது எந்த விதத்திலும் குற்றமில்லை. தெருவுக்கே தெரிந்த டாக்டர், ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாரோ என்ற தயக்கமும் புரிகிறது. நோயாளி சொன்னதைக் காப்பது எங்கள் தொழில் விதி. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டில் ஒருவரையாவது துணைக்கு வைக்கச் சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான்.

மனசு சரியில்லை என்று சொன்னால் ரத்தம் எடுக்கச் சொல்கிறாரே என்று தோன்றலாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 சத்து இறங்கினாலும் சோர்வும் மந்தமும் வரும். அதைப் பார்க்காமல் மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை, குடிப்பழக்கம், சமீபத்தில் குழந்தை பிறந்தது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை பற்றிய பயம்தான் பெரிய பயம். "அடிமையாக்கிடுமே?" என்பார்கள். மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தருகிற எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை அந்த ரகம் இல்லை. முதல் வாரம் குமட்டலாம். மனதில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சரியாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, மெல்லக் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடுவது ஆல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைதான். வேடிக்கை என்னவென்றால், டாக்டர் தரும் மாத்திரைக்குப் பயப்படுகிறவர், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அதே ஆல்பிரசோலத்தை ஒரு வருடமாகப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன் என்றதும், "கீழ்ப்பாக்கத்துக்கா?" என்று முகம் வெளுக்கும். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, அந்தப் பேரை நாம்தான் வசவாக்கிவிட்டோம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்திலும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். புறநோயாளியாகப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். பெங்களூரு மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலில் இருந்தார்கள். அதாவது என் கிளினிக் பெஞ்சில் எந்த மாலையிலும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லியும், "கண்டதை யோசிக்காதீங்க, கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்று ஒரு டாக்டர் சொன்னால்? கோயிலுக்குப் போங்கள், தப்பில்லை. இன்னொரு முறை அவரிடமே அழுத்திச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் காது கொடுக்கவில்லை என்றால் டாக்டரை மாற்றுங்கள்.

அந்த மில்காரர் இப்போதும் மாதம் ஒரு முறை வருகிறார். ஸ்டூலில் உட்கார்ந்ததும், பிரஷர் பட்டைக்குக் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்: "தூக்கம் ஆறு மணி நேரம் டாக்டரம்மா. போன வாரம் மட்டும் ரெண்டு நாள் சரியில்ல."