கல்வரப்பும் வலைக்கூண்டும்

கனடாவின் மேற்குக் கரையோரம் 1990களில் விமானத்தில் பறந்து ஆய்வு செய்த நிலவியலாளர் ஜான் ஹார்ப்பருக்கு, கடல் வற்றும் எல்லையில் வரிசையாகத் தெரிந்த கல்மேடுகள் புதிராக இருந்தன. அங்குள்ள பழங்குடியினரான குவாக்குவாக்கவாக்கு மக்களின் மூத்தவரான ஆடம் டிக்குக்கு அதில் புதிரே இல்லை. அவை அவர்களுடைய மட்டித் தோட்டங்கள்.

மட்டி கரை முழுக்க வளராது. மேலே போனால் நீர் நிற்கும் நேரம் குறைவு, இரையும் குறைவு. ரொம்பக் கீழே போனால் அதைத் தின்னும் உயிர்கள் அதிகம். நடுவில் ஒரு பட்டைதான் அதற்குத் தோது. சரிவான கரையில் அந்தப் பட்டை குறுகிவிடும். அடிவாரத்தில் கற்களை உருட்டி அடுக்கினால், வயல் வரப்பில் வண்டல் தங்குவது போல மணலும் ஓட்டுத்தூளும் பின்னால் தங்கித் தரை சமமாகும், பட்டை அகலும். அதே கரையோரம் உள்ள குவாட்ரா தீவில் இப்படிப்பட்ட வரப்புகள் குறைந்தது 3,500 ஆண்டுப் பழையவை. அங்கே குஞ்சு மட்டிகளை விட்டுப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளியானது: சாதாரணக் கரையில் இருப்பதைவிட 1.7 மடங்கு வேகமாக வளர்ந்தன.

ஆக, கடலில் விவசாயம் செய்வது இம்மக்களுக்குப் புதிதல்ல. அவர்களில் பலர் சால்மன் மீன் பண்ணையை எதிர்ப்பதற்குக் காரணம் வேறு.

பண்ணைக்காகக் கடலில் கட்டும் திறந்த வலைக்கூண்டு மீனை மட்டுமே நிறுத்தும். கழிவும் நோய்க்கிருமியும், மீனின் உடலில் ஒட்டி வாழும் கடல்பேனின் குஞ்சுகளும் நீரோடு வெளியே போகும். இயற்கையில், பேன் சுமந்த பெரிய சால்மன்கள் இலையுதிர்காலத்தில் ஆறேறி முட்டையிடும். அவற்றில் பிங்க் சால்மன் என்ற வகை அத்தோடு செத்தும் போகும். அதனால் வசந்தத்தில் கடலுக்கு இறங்கும் குஞ்சுகளுக்குப் பேன் தொல்லை பெரிதாக இருக்காது. கூண்டு இந்த இடைவெளியைத்தான் கெடுக்கிறது: குளிர்காலம் முழுக்கப் பேனுக்குத் தங்க இடம் கிடைக்கிறது. ஒரு கிராம்கூடத் தேறாத, செதிலே முளைக்காத பிங்க் சால்மன் குஞ்சு அதைத் தாங்குமா? பாதிப்பின் அளவு பற்றி அறிவியலாளர்களிடையே சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே கரையோரம் உள்ள பிராட்டன் தீவுக்கூட்டத்தின் மூன்று பழங்குடி இனங்கள் 2018-ல் அரசோடு பேசி, கூண்டுகளைப் படிப்படியாக அகற்றும் ஏற்பாட்டுக்கு வழி செய்தன. அவர்களில் நம்கிஸ் மக்கள் 2013-லேயே தரையில் தொட்டி கட்டி, நீரைச் சுத்திகரித்துச் சுற்றவிட்டு சால்மன் வளர்த்துப் பார்த்தார்கள். பேன் பிரச்சினை தீர்ந்தது, லாபம்தான் எளிதில் வரவில்லை.

வடக்கே கிளெம்டு கிராமத்தின் கிட்டாசூ ஹைஹைஸ் என்ற பழங்குடி மக்களோ பண்ணை வேண்டும் என்கிறார்கள். ஒதுக்குப்புறமான அந்த ஊரில் வேலை என்றால் பெரும்பாலும் அதுதான். 2029 ஜூன் இறுதிக்குள் திறந்த வலைக்கூண்டுகளை நிறுத்துவதாக 2024-ல் கனடா அரசு அறிவித்தபோது, தங்கள் கடலில் எதை வளர்ப்பது என்று தாங்களே முடிவு செய்வோம் என்றார்கள். பிராட்டன் மக்கள் கூண்டுகளை வெளியேற்றச் சொன்னதும் இதே உரிமையின் பேரில்தான்.