4 கோடி இலக்க எண்ணை மடித்துப் பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "2024-இல் கண்டுபிடிச்ச பகா எண்ணுக்கு 4 கோடி இலக்கமாமே சார். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்தாங்களா?"

இல்லை. அது முடியவும் முடியாது.

12 ஆத்தங்குடிக் கல்லை மூன்றுக்கு நாலாகப் பதிக்கலாம். 31 கல் கொடுத்தால் ஒரே வரிசையாகத்தான் பதிக்க முடியும், ஏனென்றால் 31 பகா எண். அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணும் அப்படித்தான். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது வரும். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்.

இந்த வகை எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூகா 1876-இல் கையாலேயே கணக்குப் போட்டு, 39 இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று நிறுவினார். அவருடைய வழியைப் பின்னால் அமெரிக்கக் கணிதர் லேமர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்க வேண்டும். அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை. எத்தனை இரண்டுகளைப் பெருக்கினோமோ, அதைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு 0 வந்தால் அது பகா எண். வராவிட்டால் இல்லை.

31 என்பது ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. அதனால் மூன்று தடவை போதும். முதலில் 14, அப்புறம் 194. இப்போது 194-ஐ 31-ஆல் வகுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே வகுக்கவே வேண்டாம்!

9-ஆல் வகுத்தால் என்ன மீதி வரும் என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோம் இல்லையா? 10 என்பது 9-ஐவிட ஒன்று அதிகம் என்பதால் அது பலிக்கிறது. அதேபோல 32 என்பது 31-ஐவிட ஒன்று அதிகம். கணினி எண்களை 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களாலேயே எழுதும்; அதில் 194 என்பது 11000010. 32 என்பது ஐந்து இரண்டுகளின் பெருக்கல் என்பதால், வலப்பக்கம் ஐந்து இலக்கத்தை வெட்டினால் 00010, அதாவது 2. இடப்பக்கம் மிஞ்சுவது 110, அதாவது 6. வேட்டியை மடிப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கூட்டினால் 8. மீதி அதுதான்! 8-இன் வர்க்கத்தில் 2 போனால் 62. அதையும் மடித்தால் 1-உம் 30-உம் சேர்ந்து 31, அதாவது மீதி 0.

டுரான்டின் எண்ணுக்கு இதே வேலையை 13,62,79,839 தடவை செய்ய வேண்டும். வர்க்கம் எடுப்பது பெரும் உழைப்பு, அதற்குச் சக்திவாய்ந்த கிராபிக்ஸ் சிப்புகள் வேண்டியிருந்தன. வகுத்தலோ வெறும் வெட்டும் கூட்டலுமாகச் சுருங்கிவிடுகிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்த தேதியைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி ராசி எண் என்கிறார்களே, அது 9-ஆல் வகுத்த மீதிதான் (மீதி 0 என்றால் 9). நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. எட்டெட்டாக எண்ணும் வழக்கம் இருந்திருந்தால் அது 7-ஆல் வகுத்த மீதியாக இருந்திருக்கும், அதே குழந்தைக்கு வேறு எண் வந்திருக்கும். இதை நம்பிப் பிள்ளையின் பெயரில் எழுத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த மாணவியை 127-க்குச் செய்து பார்க்கச் சொன்னேன். 14, 67, 42, 111 என்று வந்து, ஐந்தாவதாக 0 வந்தது. நோட்டில் அரைப் பக்கம்தான் ஆனது.