கயிறிழுத்தலில் ஓர் அணி மற்றதை விஞ்சுவது எப்படி?

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள் நடத்தும் விளையாட்டு விழாக்களில் கயிறிழுத்தலுக்குத் தனி மவுசு உண்டு. அதைப் பார்த்த உயர்தர மாணவி ஒருவர் அருமையான கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார்: நியூற்றனின் மூன்றாம் விதிப்படி இரு அணிகளும் ஒன்றையொன்று சம விசையால் இழுக்கின்றன என்றால், யாராவது வெல்வது எப்படி?

கயிற்றின் திணிவு சிறியது என்பதால் இரு முனைகளிலும் இழுவை ஏறத்தாழச் சமமே. ஆனால், வீரர் மீது கயிற்றோடு நிலமும் விசையைப் பிரயோகிக்கிறது. அவர் நிலத்தை முன்னோக்கி உதைக்க, நிலம் அவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. எந்த அணிக்கு இந்த உராய்வு கயிற்றின் இழுவையை விஞ்சுகிறதோ, அந்த அணி பின்னே நகர்ந்து வெல்கிறது.

தேர்ந்த வீரர்கள் மல்லாந்து விழுபவர்போலச் சாய்வதன் காரணமே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குதிக்காலைச் சுழற்சிப் புள்ளியாகக் கொண்டால், இழுவை உடலை முன்னே கவிழ்க்கவும் நிறை பின்னே சாய்க்கவும் முயல்கின்றன. இவ்விரு திருப்பங்களும் சமப்பட்டால்தான் நிற்க முடியும். 70 கிலோகிராம் திணிவுள்ளவரின் நிறை ஏறக்குறைய 700 நியூற்றன். அவர் நிமிர்ந்து நின்று கயிற்றை 1 மீற்றர் உயரத்தில் பிடிக்க, புவியீர்ப்பு மையம் குதிக்காலுக்கு 10 சென்ரிமீற்றர் மட்டும் பின்னே இருக்குமாயின், அவரால் தாங்கக்கூடியது 70 நியூற்றன் மாத்திரமே. அவரே கயிற்றை அரை மீற்றருக்குத் தாழ்த்தி, மையம் 40 சென்ரிமீற்றர் பின்னே போகுமளவுக்குச் சாய்ந்தால் 560 நியூற்றனைத் தாங்குவார். தசைப்பலம் அப்படியே இருக்க, தாங்குதிறன் எட்டு மடங்காகிவிட்டது!

இதற்கு உராய்வுக் குணகம், அதாவது வழுக்காமல் கிடைக்கக்கூடிய உச்ச உராய்வு நிறையில் எத்தனை பங்கு என்ற விகிதம், குறைந்தது 0.8 ஆக இருக்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் குதிக்காலால் சிறு குழி பறித்துக்கொண்டால் அந்த மண்சுவரே முண்டுகொடுக்கும். வடமராட்சிக் கடற்கரையின் உலர்மணலில் அது சரிந்துவிடும். எனவே, ‘ராசியான பக்கம்’ கேட்டு வாதாடுவோர் மண் இறுகிய பக்கத்தைக் கேட்பதே நல்லது. கால் வழுக்கியதும் நிலையியல் உராய்வின் இடத்தை அதனிலும் குறைந்த இயக்கவியல் உராய்வு பிடித்துக்கொள்கிறது. நெடுநேரம் அசையாத போட்டி நொடியில் முடிவது அதனால்தான்.

உராய்வின் எல்லை நிறையைப் பொறுத்தது. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற இவ்விளையாட்டின் இன்றைய சர்வதேசப் போட்டிகளில், அணிக்கு எட்டுப் பேரின் மொத்த எடையைக் கொண்டே பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. நம்மூரிலோ தலைகளை மட்டும் எண்ணி விட்டுவிடுகிறார்கள். மெலிந்த சிறுவர்களுக்கு இழைக்கும் அநியாயம் இது. அடுத்த சித்திரைக்கு மைதானத்தில் ஒரு தராசையும் வைக்கும்படி ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.