தண்ணியை உள்ள விட்டுட்டு திருப்பி அனுப்புற சுவர்

வேல்ஸ்ல மழைன்னா சும்மா தூறிட்டுப் போறது இல்ல, எரெரி மலைப்பக்கம் உச்சியில வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டும், அதுவும் காத்தோட சேர்ந்து பக்கவாட்டுல அடிக்கும். அந்த நாட்டுல சின்னச் சின்ன பண்ணைகள்ல கல்லையும் சுண்ணாம்பையும் வச்சு கட்டுன மாட்டுக்கொட்டகை எல்லாம் இருநூறு முன்னூறு வருஷமா நின்னுட்டு இருக்கு. எப்படின்னு கேட்டா கல்லு ஸ்ட்ராங்குன்னு சொல்லிடுவோம். எனக்கு என்னவோ கல்லை விட நடுவுல இருக்குற சுண்ணாம்புக் காரைதான் ஹீரோன்னு தோணுது.

சுவர் அரை மீட்டருக்கு மேல தடிமனா இருக்கும், ஆனா முழுக்க ஒரே கல்லு இல்ல. வெளிய ஒரு வரிசை, உள்ள ஒரு வரிசை, நடுவுல பொடிக்கல்லும் சுண்ணாம்பும் போட்டு ரொப்பியிருப்பாங்க, ரெண்டு வரிசையும் தனித்தனியா பிரிஞ்சு விழாம இருக்க அங்கங்க நீளக் கல்லைக் குறுக்கால வச்சுக் கட்டியிருப்பாங்க. மழை அடிச்சா வெளி வரிசை நனையும், அதை யாரும் தடுக்கல. நடுவுல இருக்குற சந்துபொந்து பெருசுங்கறதால தண்ணி அதைத் தாண்டி சுலபமா உறிஞ்சி உள்ள வர முடியாது. அப்புறம் வெயிலோ காத்தோ வந்தா உள்ள போன ஈரம் காரை வழியா ஆவியாகி வெளிய போயிடும், ஏன்னா காரையில கல்லை விட நுண்துளை அதிகம். உப்பு படிஞ்சு பொரியறதும் காரையிலதான், கல்லுல இல்ல. காரை தேஞ்சா சுரண்டிட்டு புதுசு பூசிக்கலாம், கல்லு போனா போனதுதான்.

இந்தக் காரை எப்படி இறுகுதுங்கறது இன்னும் அழகு. சுண்ணாம்புக்கல்லை சூளையில சுமார் 900 டிகிரியில சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், தண்ணி ஊத்தினா புஸ்ஸுன்னு கொதிச்சு நீர்த்துப்போகும், மணலோட கலந்து பூசினதுக்கப்புறம் மாசக்கணக்கா வருஷக்கணக்கா காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை மெதுவா திருப்பி வாங்கிட்டு மறுபடி கல்லாவே ஆயிடும். நூல் மாதிரி விரிசல் விட்டா மழைத்தண்ணி கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைச்சுக் கொண்டுபோய் அங்கயே படிய வச்சு அடைச்சிடும்.

இதுல சிமெண்ட் வந்து பூந்தா கதை கந்தல். மேல பாக்க கெட்டியா இருக்கும், ஆனா சுவர் கொஞ்சம் அசைஞ்சாலே மயிரிழை விரிசல் விடும், அந்த வழியா ஈரம் உள்ள போகும், திரும்பி வர வழி இல்ல. குளிர்ல அந்தத் தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும், கல்லோட முகம் பேத்துக்கிட்டு வரும், சுவருக்குள்ள சொருகியிருக்குற உத்தரத்தோட முனை மக்கிப்போகும். ரிப்பேர்னு நினைச்சு பண்றதே சுவருக்கு வியாதி ஆயிடுது.

களஞ்சியத்துக்கு வேல்ஷ் மொழியில அஸ்கிபோர்னு பேரு. அதோட சுவர்ல ஒல்லியா நெட்டுக்குத்தா சந்து விட்டிருப்பாங்க, வெளிய ஒரு கை நுழையற அளவுதான், உள்ள வர வர அகலமாகும். மழை அதிகம் நுழையாது, வெளிச்சம் பரவும், காத்து ஓடும். காத்து ஏன் முக்கியம்னா, சரியா காயாத வைக்கோலைக் குவிச்சா நுண்ணுயிரி அதுக்குள்ள வேலை பாத்து சூடு ஏறும், சில சமயம் தானா தீயே பிடிக்கும். எதிரும் புதிருமா ரெண்டு பெரிய கதவு வைக்கறதும் இதே காத்துக்குத்தான், நடுவுல கதிரடிச்சு தூத்தினா பதர் தனியா பறக்கும்.

கார்டிஃப் பக்கத்துல செயின்ட் ஃபேகன்ஸ்னு 1948ல திறந்த ஒரு திறந்தவெளி மியூசியம் இருக்கு, பழைய கட்டிடங்களைப் பிரிச்சு எடுத்துட்டு வந்து அப்படியே திரும்பக் கட்டியிருக்காங்க. அங்க கிலெவென்ட்னு ஒரு நீள வீடு, ஆரம்பம் 1470 வாக்குல, இப்போ பாக்குற அமைப்பு 1734. ஒரே கூரை, ஒரு பக்கம் மனுஷங்க, இன்னொரு பக்கம் மாடு. இந்த மாதிரி வீடுகள்ல மாடு எப்பவும் சரிவோட கீழ்ப்பக்கம், கோமியம் நம்ம பக்கம் ஓடி வரக்கூடாதுல்ல. ஒரு பெரிய கறவை மாடு ஏறக்குறைய 1 கிலோவாட் சூடு விடும், பழைய காலத்து மாடு சின்னதுதான், இருந்தாலும் நாலஞ்சு நின்னா ஓசி ஹீட்டர்.

அதே இடத்துல பான்ட்டிப்ரித் பக்கத்துல இருந்து வந்த ஒரு வட்டமான பன்னிக்கொட்டில் இருக்கு, 1800 வாக்குல கட்டினது, எனக்கு இதுதான் ஃபேவரிட். கூரையும் கல்லுதான், தாங்க மரம் இல்ல. ஒவ்வொரு வளையமும் கீழ இருக்குறதை விட கொஞ்சம் உள்ள நீட்டியிருக்கும், கல்லோட பின்முனையில மேல இருக்குற பாரம் உக்காந்துக்கறதால உள்ள நீட்டுற மூக்கு கவுறாது, அதோட வளையத்துல ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கிட்டு இருக்குறதால எதுவும் உள்ள சரிஞ்சு விழ இடமே இல்ல. சதுரமா கட்டியிருந்தா இந்த நெருக்கல் கிடைக்காது. கூரைக் கல்லு ஒவ்வொண்ணும் வெளிப்பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கணும், அப்போதான் மழை வழிஞ்சு வெளிய சொட்டும், உள்ள படுத்திருக்குற பன்னி மேல இல்ல.